தரைக்கடி மின்சூடு உங்கள் வீட்டுக்கு வேண்டுமா? முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தரைக்கடியில் மின் சூடேற்றி போடலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் பலர், கேட்கும்போதே ஹீட்டிங் மேட்டை (சூடாகும் கேபிள் பதித்த விரிப்பு) வாங்கி மூலையில் வைத்திருப்பார்கள். அப்புறம் நடப்பது முடிவெடுப்பது இல்லை, வாங்கியதற்குக் காரணம் தேடுவது. மேட் வாங்குவது கடைசியில் வர வேண்டிய வேலை. அதற்கு முன் அறை, தரை, மின்பெட்டி, மின்கட்டணம் என நான்கையும் பார்த்தாக வேண்டும். இவற்றில் ஒன்று ‘வேண்டாம்’ என்று சொன்னாலும் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். முதல் மூன்று படிகளுக்குச் செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. வேண்டாம் என்ற முடிவு வருவதும் பெரும்பாலும் அந்த மூன்றுக்குள்தான்.

இங்கே பேசுவது மின் கேபிள், மின் ஃபாயில் வகைகளைப் பற்றி மட்டும். குழாயில் வெந்நீர் ஓடும் வகையை ஒப்பிடும் இடத்தில் மட்டும் தொடுகிறேன்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அளவு நாடா, கட்டம் போட்ட தாள், ஒரு வருடத்து மின் ரசீதுகள், இரண்டு வெப்பமானிகள் (ஒன்று அறைக்கு, ஒன்று வெளியே வைக்க), பிளக்கில் செருகி யூனிட் காட்டும் சின்ன மீட்டர், மின்பெட்டியின் ஒரு புகைப்படம். ரசீது ஒரு மாதத்துக்கு மட்டும் இருந்தால் போதாது. குளிர்காலச் செலவையும் கோடைக்காலச் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், இப்போது சூட்டுக்கு எவ்வளவு போகிறது என்று தெரியும்.

## 1. எதற்காக என்பதை ஒரே வரியில் எழுதுங்கள்

பதில் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று, காலில் சில்லென்று படக் கூடாது. மற்றொன்று, இந்த அறைக்கு இதுதான் ஒரே சூடேற்றி. இரண்டும் வேறு வேறு வேலைகள்.

முதலாவது என்றால் கணக்கு சுலபம். ஏற்கெனவே வேறு சூடேற்றி இருக்கிறது, தரை ஒரு கூடுதல் வசதி. காலையில் ஒன்றிரண்டு மணி நேரம், மாலையில் ஒன்றிரண்டு மணி நேரம் ஓடினால் போதும். தவறாகக் கணித்தாலும் பெரிய நஷ்டம் இல்லை.

இரண்டாவது என்றால் அறை இழக்கும் சூடு முழுவதையும் தரை ஈடுகட்டியாக வேண்டும். அது முடியுமா என்பதை மேட்டின் அட்டைப்பெட்டி உங்களுக்குச் சொல்லாது. அறைதான் சொல்லும்.

இதை ஏன் எழுதி வைக்கச் சொல்கிறேன் என்றால், குளியலறையில் காலுக்கு இதமாக என்று ஆரம்பிக்கும் பேச்சு, இரண்டு வாரத்தில் ‘அப்படியே கூடத்துக்கும் போட்டுவிடலாமே’ என்று வளர்ந்து நிற்கும். எழுதிய வரி சுவரில் ஒட்டியிருந்தால் அந்த வளர்ச்சி கொஞ்சம் தயங்கும்.

## 2. அறை எவ்வளவு சூட்டை இழக்கிறது என்று அளந்து பாருங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இந்தப் படியில்தான். மேட்டில் சதுர மீட்டருக்கு 150 வாட், 200 வாட் என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, தரை அவ்வளவு சூட்டையும் அறைக்குத் தொடர்ந்து தரும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தராது.

காரணம் இது. மனிதர் நடமாடும் இடத்தில் தரையின் மேற்பரப்பு 29 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 1264 வைத்திருக்கும் வரம்பு. குளியலறைக்கு மட்டும் 33. அதற்கு மேல் போனால் கால் வியர்க்கும், எரிச்சலாக இருக்கும். சூடான தரை, அறைக் காற்றைவிடக் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 11 வாட் தரும். அறை 20 டிகிரி, தரை 29 டிகிரி என்றால் வித்தியாசம் 9. ஆக, சதுர மீட்டருக்குச் சுமார் 100 வாட். அதுதான் உச்சம்.

அப்படியானால் 150 வாட் மேட் எதற்கு? தரை வேகமாகச் சூடாவதற்கும், கீழ்ப்பக்கம் கசிந்து போகும் சூட்டை ஈடுகட்டுவதற்கும். தரை தேவையான சூட்டை எட்டியதும் தெர்மோஸ்டாட் மேட்டை அணைத்து அணைத்துப் போடும். 200 வாட் மேட் வாங்கினாலும் தரை 29 டிகிரியில் தருவது அதே 100 வாட்தான்.

சரி, அறையின் இழப்பை எப்படி அளப்பது? நன்றாகச் சூடு தாங்கும் புதிய கட்டடங்களில் சதுர மீட்டருக்கு 30 முதல் 50 வாட் இருக்கும். காற்று புகும் ஜன்னல்களும் வெற்றுச் சுவர்களும் உள்ள பழைய வீடுகளில் 100ஐத் தாண்டும். உங்கள் அறை இதில் எங்கே என்பதை ஊகிக்காமல், குளிரான ஒரு மாலையில் சோதித்துவிடலாம்.

அறையின் மற்ற சூடேற்றிகளை அணையுங்கள், கதவை மூடுங்கள். தெர்மோஸ்டாட் உள்ள சாதாரண மின் ஹீட்டர் ஒன்றை யூனிட் மீட்டர் வழியாகச் செருகி 20 டிகிரிக்கு வையுங்கள். முதல் மூன்று மணி நேரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அப்போது சுவரும் சாமான்களும் சூட்டைக் குடித்துக்கொண்டிருக்கும். அதற்கடுத்த இரண்டு மணி நேரத்தில் எத்தனை யூனிட் ஓடியது, வெளியே எத்தனை டிகிரி என்று குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஆள் விழித்திருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். குளியலறைக்குள் பிளக் ஹீட்டரைக் கொண்டுபோகவே வேண்டாம்.

ஓர் எடுத்துக்காட்டு. அறை 12 சதுர மீட்டர். வெளியே 5 டிகிரி. இரண்டு மணி நேரத்தில் 1.8 யூனிட் ஓடியது. அதாவது தொடர்ச்சியாக 900 வாட். உள்ளுக்கும் வெளிக்கும் 15 டிகிரி வித்தியாசம் இருக்கும்போது இது. உங்கள் ஊரில் குளிர் மைனஸ் 5 வரை போகும் என்றால் வித்தியாசம் 25 ஆகிறது. இழப்பு 900 பெருக்கல் 25 வகுத்தல் 15, அதாவது 1500 வாட். தரையின் 12 சதுர மீட்டரையும் சூடாக்கினாலும் கிடைப்பது 1200 வாட்தான். அலமாரிகளைக் கழித்துவிட்டால் இன்னும் குறையும். இந்த அறைக்குத் தரைச்சூடு ஒரே சூடேற்றியாக இருக்க முடியாது. கேள்வி இங்கேயே முடிந்துவிட்டது.

பக்கத்து அறை சூடாக இருந்தால் இந்த அளவு கொஞ்சம் குறைவாகக் காட்டும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே கணக்கு விளிம்பில் வந்தால் ‘முடியாது’ என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனை சில சமயம் வேறொன்றையும் காட்டிவிடும். பணத்தை ஜன்னல் இடுக்குகளிலும் கூரையிலும் போட்டால், இருக்கிற சூடேற்றியே போதும் என்று தெரியவரும். அப்படித் தெரிந்து திரும்பிப் போனவர்கள் யாரும் பிறகு வருத்தப்பட்டு நான் பார்க்கவில்லை.

## 3. சூடாக்க முடிந்த தரை எவ்வளவு என்று வரையுங்கள்

அறையின் பரப்பு வேறு, சூடாக்க முடிந்த பரப்பு வேறு. நிரந்தரமாக நிற்கும் எதன் அடியிலும் கேபிள் போகக் கூடாது. குளியல் தொட்டி, கழிவறைப் பீடம், தரையைத் தொட்டு நிற்கும் அலமாரி, சமையலறைப் பெட்டிகள் எல்லாம் இதில் சேரும். மேலே மூடியிருந்தால் சூடு வெளியேற வழி இல்லாமல் அங்கேயே தேங்கும். கேபிள் தன் சூட்டிலேயே கெடும், மேலிருக்கும் பொருளும் கெடும்.

கட்டம் போட்ட தாளில் அறையை வரைந்து, இவற்றையெல்லாம் கறுப்பாக அடித்துவிடுங்கள். சுவர் ஓரம் 5 சென்டிமீட்டராவது விடுங்கள். மிச்சம் வெள்ளையாக இருப்பதுதான் உங்கள் பரப்பு.

2.4 மீட்டருக்கு 2 மீட்டர் குளியலறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 4.8 சதுர மீட்டர். தொட்டிக்கு 1.2, கைகழுவும் அலமாரிக்கு 0.3, பீடத்துக்கு 0.3 கழித்தால் 3. ஓரங்களையும் கழித்தால் 2.6 மிஞ்சும். வாங்க வேண்டியது 2.5 சதுர மீட்டர் மேட். 3 வாங்கக் கூடாது. ஏனென்றால் மேட்டின் வலையை வெட்டித் திருப்பலாம், கேபிளை வெட்டவே முடியாது. நீளம் குறைந்தால் மின்தடை குறைந்து, மின்னோட்டம் ஏறி, கேபிள் எரிந்துபோகும். மிஞ்சிய அரை சதுர மீட்டரைச் சுருட்டித் தொட்டிக்கடியில் ஒளிக்கவும் முடியாது. எப்போதும் கீழ்ப்பக்கமாக முழுமையாக்குங்கள்.

நான்கைந்து மூலைகள் உள்ள அறை என்றால், வலையில் ஒட்டிவரும் மேட்டைவிடத் தனிக் கேபிள் வசதி. இடைவெளியை நீங்களே வைத்துக்கொள்ளலாம். வேலை மட்டும் கூடும்.

இந்தக் குளியலறையின் 2.5 சதுர மீட்டர், உச்சத்தில் 250 வாட் அளவுதான் தரும். சின்ன அறைகளில் எப்போதும் இப்படித்தான். தேவை அதிகம், வெள்ளைக் கட்டங்கள் குறைவு. குளியலறையில் துண்டு உலர்த்தும் சூடேற்றியைக் கழற்றிவிட்டு இதை மட்டும் நம்ப வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

## 4. தரைக்கு அடியில் என்ன இருக்கிறது, எவ்வளவு உயரம் கிடைக்கும்

கேபிளுக்கு மேல் கீழ் தெரியாது. கீழே குளிர்ந்த கான்கிரீட் இருந்தால் சூடு அங்கேயும் போகும். இன்சுலேஷன் (சூடு கசியாமல் தடுக்கும் அடுக்கு) இல்லாத கான்கிரீட் மீது நேரடியாகப் பதித்த தரை சூடாக மணிக்கணக்கில் ஆகும். 10 மில்லிமீட்டர் இன்சுலேஷன் போர்டு ஒட்டி அதன் மேல் பதித்தால், அரை மணி நேரத்துக்குப் பக்கத்தில் கால் சூட்டை உணரும். காலையில் ஒரு மணி நேரம் மட்டும் ஓட்டுபவருக்கு இந்த வித்தியாசம்தான் எல்லாமே.

ஆகவே போர்டை ‘விருப்பம் இருந்தால்’ என்ற பட்டியலில் போடாதீர்கள். போர்டுக்கு உயரம் இல்லை என்றால் மேட்டும் வேண்டாம் என்பது என் கருத்து. டைலுக்கு அடியில் போட சிமென்ட் பூச்சு உள்ள கெட்டியான போர்டுகள் 6, 10, 20 மில்லிமீட்டர் தடிமன்களில் வருகின்றன.

உயரத்தைக் கூட்டிப் பாருங்கள். போர்டு 10, அதை ஒட்டும் பசை 3, கேபிளும் அதை மூடும் பசையும் 8, டைல் 10. மொத்தம் 31 மில்லிமீட்டர். பழைய தரையை எடுக்காமல் அதன் மேலேயே போட்டால், கதவு திறக்காது, வாசற்படியில் இடறும், பீடத்தின் குழாய் பொருந்தாது. பழைய டைலை உடைத்து எடுத்தால் கொஞ்சம் உயரம் திரும்பக் கிடைக்கும். எப்படியும் டைல் மாற்றப்போகிறீர்கள் என்றால் இதுதான் சரியான தருணம். நன்றாக இருக்கும் தரையை இதற்காக மட்டும் உடைப்பது பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

மரச் சட்டங்களின் மேல் பலகை போட்ட தரை என்றால், ஏறி நின்று குதித்துப் பாருங்கள். அசைந்தால் முதலில் அதை இறுக்க வேண்டும். அசையும் தரையில் டைல் விரிசல் விடும், கேபிள் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

## 5. மேலே எது வரப்போகிறது

டைலும் கல்லும் மிக நல்லவை. சூட்டை எளிதில் விடும், சூட்டால் கெடாது.

அடுக்கு மரம் பரவாயில்லை, ஆனால் மேற்பரப்பு 27 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று பொதுவாகச் சொல்வார்கள். வினைலுக்கும் பெரும்பாலும் அதே 27. அந்த 2 டிகிரி சின்ன விஷயம் இல்லை. 20 டிகிரி அறையில் வித்தியாசம் 9இலிருந்து 7ஆகக் குறைகிறது, தரை தரும் சூடு 100 வாட்டிலிருந்து 80க்குக் கீழே வந்துவிடுகிறது. இரண்டாம் படியின் கணக்கை இந்த எண்ணை வைத்துத் திரும்பப் போடுங்கள்.

முழு மரப் பலகை வேண்டாம். சூட்டில் சுருங்கி இடைவெளி விடும்.

கம்பளம் போடுவதாக இருந்தால், கம்பளமும் அதன் அடிவிரிப்பும் சேர்ந்து 2.5 டாக் அளவைத் தாண்டக் கூடாது. டாக் என்பது துணி எவ்வளவு சூட்டைத் தடுக்கிறது என்பதன் அளவு. மெத்தென்ற கனமான கம்பளம் ஏற்கெனவே காலுக்குக் குளிர் தெரியாமல்தான் வைத்திருக்கும். அதன் அடியில் சூடேற்றி எதற்கு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு குழப்பத்தை மட்டும் தீர்த்துவிடுகிறேன். ஃபாயில் மேட், பசையில்லாமல் மிதக்கும் லேமினேட், மரத் தரைகளுக்கானது. வலை மேட், பசையில் பதிக்கும் டைலுக்கானது. ஒன்றை மற்றதற்கு மாற்றக் கூடாது. ஃபாயில் மேல் டைல் பசை பிடிக்காது.

## 6. மின்பெட்டி தாங்குமா

இந்தப் படியில் தகுதி பெற்ற எலக்ட்ரீஷியன் கூட இருக்க வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது, அவரிடம் சரியான கேள்விகளைக் கேட்பது.

தனி இணைப்பு தர முடியுமா? இருக்கும் விளக்கு இணைப்பிலிருந்து இழுத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னால் காரணத்தைக் கேளுங்கள். குளியலறையின் 375 வாட்டுக்கு (2.5 பெருக்கல் 150) மின்னோட்டம் 230 வோல்ட்டில் 1.6 ஆம்பியர்தான். ஆனால் கூடத்தில் 15 சதுர மீட்டர் என்றால் 2250 வாட், கிட்டத்தட்ட 10 ஆம்பியர். மணிக்கணக்கில் தொடர்ந்து ஓடும் சுமை இது.

30 மில்லி ஆம்பியர் ஆர்சிடி (மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் கருவி) பாதுகாப்பு இருக்கிறதா? ஈரமான தரைக்கடியில் மின்சாரம் ஓடப்போகிறது. கசிவு ஏற்பட்ட நொடியில் துண்டிக்க வேண்டும். கேபிளைச் சுற்றியுள்ள உலோக உறை எர்த்துடன் சேர்ந்திருக்க வேண்டும். இவை இரண்டிலும் சமரசமே கிடையாது.

தெர்மோஸ்டாட் எங்கே வரும்? பொதுவாக 16 ஆம்பியர் வரை தாங்கும், அதாவது 230 வோல்ட்டில் 3680 வாட். அதற்கு மேல் என்றால் கான்டாக்டர் (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் தனி சுவிட்ச்) வேண்டும், அல்லது இரண்டு தெர்மோஸ்டாட். குளியலறையில் தண்ணீர் தெறிக்கும் எல்லைக்கு வெளியே, பெரும்பாலும் அறைக்கு வெளிச்சுவரில் வைப்பார்கள். அப்படி வைத்தால் தரைச் சென்சாரை வைத்து ஓடும்படி அமைக்க வேண்டும். காற்றுச் சென்சாரில் விட்டுவிட்டால், அது நடைபாதையின் சூட்டை அளந்துகொண்டு குளியலறைத் தரையை ஓட்டும். சூடு வரவில்லை என்று அழைத்தவர்கள் வீட்டில் நான் முதலில் பார்ப்பது இந்த அமைப்பைத்தான்.

## 7. ஓட்டும் செலவைக் கணக்கிடுங்கள்

கணக்கு இவ்வளவுதான்: மொத்த வாட், பெருக்கல் மணி நேரம், பெருக்கல் உண்மையில் ஓடும் பங்கு, வகுத்தல் 1000. வருவது யூனிட். அதை உங்கள் ரசீதில் உள்ள விலையால் பெருக்குங்கள்.

அந்தக் குளியலறை: 375 வாட், நாளுக்கு மூன்றரை மணி நேரம், தெர்மோஸ்டாட் அணைக்கும் நேரம் போக 70 சதவீதம். நாளுக்கு 0.9 யூனிட். 180 நாள் குளிர்காலத்துக்குச் சுமார் 165 யூனிட்.

அந்தக் கூடம்: 2250 வாட், 12 மணி நேரம், பாதி நேரம் ஓடுவதாக வைத்தால் நாளுக்கு 13.5 யூனிட். 180 நாளுக்கு 2430.

இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். குளியலறை ரசீதில் கண்ணுக்கே தெரியாது. கூடம் ரசீதையே மாற்றிவிடும். ஒரே தொழில்நுட்பம், ஒரே வீடு.

மணி நேரத்தைக் குறைத்து எழுதி உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ளாதீர்கள். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் இருந்தால் ‘மாலை மூன்று மணி நேரம்’ என்பது ஒரு வாரம்கூடத் தாங்காது. இரவில் மலிவுக் கட்டணம் உள்ள இணைப்பு என்றால், தடிமனான கான்கிரீட் பூச்சுக்குள் கேபிள் பதித்து இரவில் சூட்டைச் சேமிக்கலாம். ஆனால் அது மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும். திடீரென்று வெயில் அடித்த நாளில் நிறுத்தினாலும் தரை கேட்காது.

## 8. வேறு வழிகளோடு வைத்துப் பாருங்கள்

மின் கேபிள் 1 யூனிட் வாங்கி 1 யூனிட் சூடு தரும். எந்த மேட்டும் அதற்கு மேல் தராது. ‘குறைந்த மின்சாரத்தில் அதிக சூடு’ என்று விளம்பரம் சொன்னால் சிரித்துவிட்டுக் கடந்துபோங்கள். ஹீட் பம்ப் வெளியிலிருந்து சூட்டை எடுத்துவருவதால் 1 யூனிட்டுக்கு 3 யூனிட் சூடு தர முடியும். அந்தக் கூடத்தின் 13.5 யூனிட், ஹீட் பம்ப்பில் 4.5 ஆகிவிடும்.

ஆகவே வீடு முழுவதும் தரைச்சூடு வேண்டும், தரையை எப்படியும் தோண்டப்போகிறோம் என்றால், வெந்நீர்க் குழாய் வகையைப் பாருங்கள். அதற்கு 35 முதல் 45 டிகிரி வெந்நீர் போதும் என்பதால் ஹீட் பம்ப்புக்கு நன்றாகப் பொருந்தும். போடும் செலவும் உயரமும் அதிகம். ஒரே ஒரு குளியலறைக்கு அதைப் போடுவது கொசுவை அடிக்க உலக்கை எடுப்பது போல.

மேசைக்கடியில் கால் மட்டும் குளிர்கிறது என்றால் ஒரு கம்பளம், அல்லது காலடியில் வைக்கும் சின்ன மின்விரிப்பு. கேலிக்காகச் சொல்லவில்லை. கேள்வி கேட்டவர்களில் சிலருக்கு உண்மையான விடை அதுதான்.

## 9. இங்கே முடிவெடுங்கள்

நான் தயங்காமல் சரி என்று சொல்வது இந்த நிலையில்: சின்னக் குளியலறை, எப்படியும் டைல் மாற்றப்போகிறார்கள், இன்சுலேஷன் போர்டுக்கு உயரம் இருக்கிறது, வேறு சூடேற்றி தொடர்ந்து இருக்கும்.

புதிய, நன்றாகச் சூடு தாங்கும் வீட்டில் எப்போதாவது பயன்படும் சின்ன அறை என்றாலும் சரி. சதுர மீட்டருக்கு 40 வாட் போதும் அறையில் தரை அலட்டிக்கொள்ளாமல் வேலை செய்யும்.

பழைய வீட்டின் பெரிய கூடத்துக்கு, ஒரே சூடேற்றியாக, இன்சுலேஷன் இல்லாமல் என்றால் வேண்டாம். இந்த மூன்றில் ஒன்றை மாற்ற முடிந்தால் திரும்ப இரண்டாம் படிக்குப் போய் அளந்துவிட்டு வாருங்கள்.

## 10. போடுவது என்றால் வேலை நடக்க வேண்டிய வரிசை

இப்போதுதான் மேட் வாங்கும் நேரம். இரட்டைக் கம்பி கேபிள் வாங்குங்கள். ஒரு முனையை மட்டும் தெர்மோஸ்டாட்டுக்குக் கொண்டுவந்தால் போதும். ஒற்றைக் கம்பி வகையில் இரண்டு முனைகளும் திரும்பி வர வேண்டும், சின்ன அறையில் அது தலைவலி.

பெட்டியைத் திறந்ததும் மல்டிமீட்டரில் மின்தடையை அளங்கள். 230 வோல்ட்டின் வர்க்கத்தை வாட்டால் வகுத்தால் வரும் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 375 வாட் மேட்டுக்கு 141 ஓம். பெட்டியில் எழுதியுள்ள அளவோடும் ஒப்பிடுங்கள். சுருட்டி வைத்த மேட்டுக்கு மின்சாரம் கொடுத்து ‘சூடாகிறதா’ என்று பார்க்க வேண்டாம். சுருளுக்குள் சூடு தேங்கி உறை உருகிவிடும். எத்தனை முறை சொன்னாலும் யாராவது ஒருவர் செய்துவிடுகிறார்.

பிறகு போர்டை ஒட்டுங்கள். மேட்டைப் பசையில்லாமல் விரித்துப் பாருங்கள். கேபிள் கேபிளைக் கடக்கக் கூடாது. சூடாகும் கேபிளும் சூடாகாத வாலும் சேரும் இடத்தில் ஒரு தடித்த மூட்டு இருக்கும். அதற்குப் போர்டில் பள்ளம் வெட்டி வையுங்கள், ஏனென்றால் அந்த மூட்டும் பசைக்குள் முழுமையாகப் புதைய வேண்டும். சுவருக்குள் ஏற்றிவிட்டால் அங்கே காற்றில் சூடாகிக் கெட்டுப்போகும்.

தரைச் சென்சாரை ஒரு குழாய்க்குள் நுழைத்து, இரண்டு கேபிள் வரிகளுக்கு நடுவே வையுங்கள். குழாய் எதற்கு என்றால், சென்சார் கெட்டால் டைலை உடைக்காமல் உருவி மாற்றலாம். சென்சாரைப் பசையில் நேரடியாகப் புதைத்தவர் அந்த வாய்ப்பை இழந்துவிடுகிறார்.

விரித்து ஒட்டியதும் இரண்டாம் முறை அளங்கள். எலக்ட்ரீஷியன் மெகர் என்ற காப்புச் சோதனைக் கருவியில் உறையின் காப்பையும் பார்க்கட்டும். அளவு நாடாவைத் தரையில் வைத்து நாலாபக்கமும் புகைப்படம் எடுங்கள். பத்து வருடம் கழித்து ஒரு துளை போடும்போது அந்தப் படத்தின் அருமை தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, கதவு சுவரில் இடிக்கிறது என்று தரையில் ஒரு தடுப்பைத் திருகினார்கள். திருகு நேராகக் கேபிளில் இறங்கியது.

டைல் பதிப்பவரிடம் முன்பே பேசுங்கள். உலோகக் கரண்டியின் பல் கேபிளைக் கீறும், ஆகவே பிளாஸ்டிக் கரண்டி. டைல் கட்டுகளை மேட்டின் மேல் இறக்கக் கூடாது. நடக்கும் இடத்தில் அட்டை போட வேண்டும். இடுக்குகளில் காய்ந்த பசையைக் கத்தியால் சுரண்டுவது பலருக்குக் கைப்பழக்கம். அந்தக் கத்தி எத்தனை மேட்டுகளைக் கொன்றிருக்கிறதோ! பசை வளையக்கூடிய வகையாக, எஸ்1 தரத்தில் இருக்கட்டும். சூட்டில் தரை விரிந்து சுருங்கும்போது கெட்டிப் பசை விட்டுவிடும்.

ஈரமான இடத்தில் நீர்க்காப்புப் பூச்சு தனி வேலை. மேட் தண்ணீரைத் தடுக்காது. பூச்சு எந்த அடுக்கில் வர வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரின் தாளில் பார்த்துச் செய்யுங்கள்.

டைல் பதித்ததும் மூன்றாம் முறை அளந்து, மூன்று அளவுகளையும் ஒரே தாளில் எழுதி மின்பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். எந்தக் கட்டத்தில் அளவு மாறியது என்று தெரிந்தால்தான் யார் திருத்த வேண்டும் என்பதும் தெரியும்.

## 11. முதல் முறை போடுவதும் அதற்குப் பிறகும்

டைல் காய்ந்த மறுநாளே போட்டுப் பார்க்கக் கை துறுதுறுக்கும். பசைப் பொட்டலம் சொல்லும் நாள் வரை பொறுங்கள். பெரும்பாலும் ஒரு வாரமாவது ஆகும். தடிமனான சிமென்ட் பூச்சுக்குள் பதித்திருந்தால் நான்கு வாரம். சூட்டைக் கொடுத்து அவசரமாகக் காயவைத்தால் பசை பலம் பிடிக்காமல் விரிசல் விடும். முதல் நாள் அறையின் சூட்டிலேயே வைத்து, பிறகு நாளுக்குச் சில டிகிரியாக ஏற்றுங்கள்.

தெர்மோஸ்டாட்டில் தரையின் உச்ச வரம்பு என்று ஓர் அமைப்பு இருக்கும். மரத்துக்கும் வினைலுக்கும் 27இல் பூட்டிவிடுங்கள். வீட்டில் யாராவது ‘இன்னும் கொஞ்சம்’ என்று ஏற்றப் பார்ப்பார்கள், அது ஏறாமல் இருப்பதே நல்லது.

தட்டையான அடி கொண்ட சோபா, தரை மெத்தை, குழந்தையின் பெரிய திண்டு, நாயின் படுக்கை ஆகியவற்றைச் சூடான இடத்தில் நிரந்தரமாக வைக்க வேண்டாம். கால் உள்ள சாமான் என்றால் அடியில் காற்று ஓட இடம் இருக்கும். தடித்த ரப்பர் அடி கொண்ட குளியலறை விரிப்பைக் கால் துடைத்ததும் எடுத்துத் தொங்கவிடுங்கள்.

ஒருநாள் சூடு வரவில்லை என்றால் உடனே டைலை உடைக்க ஆள் தேட வேண்டாம். முதலில் தெர்மோஸ்டாட், அடுத்து சென்சார், கடைசியாகத்தான் கேபிள் என்று வரிசையாகப் பாருங்கள். எலக்ட்ரீஷியன் இணைப்பைத் துண்டித்துவிட்டு மின்தடையை அளந்து, கதவின் உட்புறம் ஒட்டிய தாளோடு ஒப்பிடட்டும். எண் அதேதான் என்றால் கேபிள் நன்றாக இருக்கிறது, தெர்மோஸ்டாட்டையோ சென்சாரையோ மாற்றினால் போதும். எண் மாறியிருந்தாலும், அறுந்த இடத்தைக் கருவி வைத்துக் கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஓரிரு டைலை எடுத்து மூட்டுப் போட்டுவிடலாம். அதற்காகவே, மிஞ்சிய டைல் நான்கைந்தைப் பரண்மேல் எடுத்து வையுங்கள்.